மஞ்சள் விளக்கா, வெள்ளை விளக்கா: ரேம் வேகத்தைக் கூட்டிய பிறகு திரை வராத ஐந்து நாள்

செவ்வாய்க்கிழமை இரவு பதினொன்றரை மணிக்குத் திரையில் எழுத்து வந்தது. பயாஸ் (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகள் எல்லாம் அழிந்திருக்கின்றன, உள்ளே போக எஃப்1 அழுத்து என்று இரண்டு வரி. வெள்ளிக்கிழமை இரவிலிருந்து அந்த இரண்டு வரிக்காகத்தான் போராடிக்கொண்டிருந்தேன். நடந்தது மறப்பதற்குள் வரிசையாக எழுதி வைக்கிறேன். இதே மாதிரி கறுப்புத் திரை முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு ஓர் இரவாவது மிச்சமாகட்டும்.

கணினி கோலாலம்பூரின் செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறது. ரைசன் 5 5600எக்ஸ் பிராசஸர், பி550 மதர்போர்டு (இனி போர்டு), 8 ஜிபி வீதம் இரண்டு டிடிஆர்4 ரேம், ரேடியான் ஆர்எக்ஸ் 6600 கிராஃபிக்ஸ் கார்டு. இரண்டு வருடம் முன்பு நானே பூட்டியது. கண்ணாடிக் கதவு வழியாகக் கார்டின் முகம் தெரியட்டும் என்று அதை போர்டில் நேராகச் சொருகாமல், ஒரு ஸ்டாண்டில் நிமிர்த்தி நிறுத்தி, ரைசர் கேபிள் வழியாக இணைத்திருந்தேன். இந்தக் கேபிளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டேன்.

சொந்தக்காரர் திருமணம் என்றால் வீடியோ தொகுப்பது வீட்டில் என் பொறுப்பு. சித்தப்பா மகள் கல்யாண வீடியோ பாதியில் இருந்தது. ரேம் வேகத்தைக் கூட்டினால் தொகுக்கும் மென்பொருள் கொஞ்சம் சுறுசுறுப்பாக ஓடும் என்று எண்ணினேன். உண்மையைச் சொன்னால், எண்ணைக் கூட்டிப் பார்க்கும் ஆசையும் இருந்தது.

ரேம் பெட்டியில் எழுதியிருப்பது வேகம் 3200, தாமத எண் சிஎல்16, 1.35 வோல்ட். இரண்டு வருடமாக எக்ஸ்எம்பி (பெட்டியில் எழுதிய வேகத்தைத் தரும் பயாஸ் அமைப்பு) போட்டு அப்படியேதான் ஓடியது. வெள்ளிக்கிழமை சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து முதலில் 3600 வைத்தேன். டைமிங் (ரேமின் தாமத எண்கள்) 16-19-19-39, வோல்டேஜ் 1.38, எஃப்கிளாக் (பிராசஸரின் உள் இணைப்புப் பாதையின் வேகம்) 1800. உடனே எழுந்தது. ரேமைச் சோதிக்கும் டெஸ்ட்மெம்5 மென்பொருளை ஒரு மணி நேரம் ஓடவிட்டேன், ஒரு பிழையும் இல்லை. நினைவகத் தாமதம் 68 நானோ செகண்டிலிருந்து 63க்கு இறங்கியிருந்தது. அந்த இடத்தில் கணினியை அணைத்துவிட்டுப் படுத்திருக்க வேண்டும்.

நான் 3800க்குத் தாவினேன். ரேம் 3800, எஃப்கிளாக் 1900, வோல்டேஜ் 1.42, பிராசஸரில் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதிக்கான எஸ்ஓசி வோல்டேஜ் 1.10. நான்கையும் ஒரே தடவையில் மாற்றி, சேமித்து வெளியே வந்தேன். 3800 என்பது ஒரு விநாடிக்கு நடக்கும் பரிமாற்றத்தின் கணக்கு, மில்லியனில். உண்மையான கடிகார வேகம் அதில் பாதி, 1900 மெகாஹெர்ட்ஸ். ரைசனுக்குள்ளே ஓடும் இணைப்புப் பாதையின் வேகமான எஃப்கிளாக்கும் அதே 1900இல் ஒத்து ஓடினால்தான் பலன். ஒன்றை ஏற்றினால் மற்றதையும் ஏற்ற வேண்டும். ஆனால் ஏற்றிவிட்டுக் கோளாறு வந்தால் இரண்டில் எது காரணம் என்று தெரியாது. அதைத்தான் நான் முதலில் யோசிக்கவில்லை.

கணினி அணைந்தது, எழுந்தது, மறுபடி அணைந்தது. இப்படி மூன்று தடவை. பிறகு மின்விசிறிகள் நிற்காமல் சுற்ற, திரை கறுப்பாகவே இருந்தது. போர்டின் வலது மேல் மூலையில், போர்டுக்கு மின்சாரம் தரும் 24 பின் கேபிளுக்குப் பக்கத்தில் நான்கு குட்டி விளக்குகள் உண்டு. என் போர்டில் சிவப்பு பிராசஸருக்கு, மஞ்சள் ரேமுக்கு, வெள்ளை கிராஃபிக்ஸ் கார்டுக்கு, பச்சை பூட் ஆகும் டிரைவுக்கு. எதில் சிக்கலோ அந்த விளக்கு அணையாமல் நிற்கும். அன்றைக்கு மஞ்சள் எரிந்தது. சரி, எதிர்பார்த்ததுதான் என்று நினைத்துக்கொண்டேன். ரேம் ஒத்துக்கொள்ளவில்லை, பயாஸ் அமைப்புகள் பதிந்திருக்கும் சிமாஸை அழித்தால் போதும், பத்து நிமிட வேலை.

பல போர்டுகள் சில தடவை தோற்றதும் தாமாகவே பழைய வேகத்துக்கு இறங்கி எழுந்துவிடும். இது இறங்கவில்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, மீண்டும் போட்டு, பத்து நிமிடம் காத்தும் பார்த்தேன். டிடிஆர்5 போர்டு என்றால் முதல் தடவை ரேமைப் பழக்கிக்கொள்ள சில நிமிடம் கறுப்பாக நிற்பது சகஜம், பொறுமையாக விட வேண்டும். டிடிஆர்4இல் அவ்வளவு நேரம் எடுக்காது.

அடுத்து சிமாஸை அழிக்கும் ஜம்பர். போர்டின் அடி ஓரத்தில் இரண்டு பின். ஸ்குரூ டிரைவர் முனையை இரண்டு பின்னிலும் சேர்த்து வைத்து எடுத்தேன். ஒன்றும் மாறவில்லை, மஞ்சள் அப்படியே. இங்கே முதல் தவறு. பவர் சப்ளையின் பின்பக்க சுவிட்சை நான் அணைக்கவே இல்லை. கணினி ஓடாதபோதும் போர்டில் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். கையேட்டில் மின் கம்பியைக் கழற்று என்று தெளிவாகப் போட்டிருந்தது, நான் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. இரண்டு நொடிதான் பிடித்தேன் என்பது இன்னொரு குறை.

சனிக்கிழமை காலையில் ஒழுங்காகச் செய்தேன். சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றினேன். உள்ளே மிஞ்சியிருக்கும் மின்சாரம் வடிய பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்தேன். அமைப்புகளைக் காக்கும் நாணய வடிவ பேட்டரி கார்டுக்குப் பின்னால் மறைந்திருந்ததால் ஸ்டாண்டோடு கார்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, பேட்டரியை எடுத்து மல்டிமீட்டரில் பார்த்தேன். 2.64 வோல்ட். இந்த சிஆர்2032 வகை புதிதாக இருந்தால் 3 வோல்ட்டுக்கு மேலேயே காட்டும். கீழே கடையில் 4 வெள்ளி (ரிங்கிட்) 50 காசுக்குப் புதியது வாங்கினேன், அது 3.21 காட்டியது. பேட்டரி இல்லாமல் கால் மணி நேரம் விட்டு, ஜம்பரையும் பத்து நொடி சேர்த்துப் பிடித்து, புதிய பேட்டரியைப் போட்டு, கார்டைப் பழையபடி ரைசரில் மாட்டி, பட்டனை அழுத்தினேன்.

திரை கறுப்பு.

இந்த நொடியில்தான் வழி தவறினேன். அதற்கடுத்த மூன்று நாளும் இதன் விளைவுதான். கறுப்புத் திரை என்றதும் பழைய கோளாறே தீரவில்லை என்று மனது முடிவு கட்டிவிட்டது. ஆனால் இரண்டு விஷயம் மாறியிருந்தன. முதலாவது, கணினி இப்போது மூன்று தடவை அணைந்து எழவில்லை. ஒரே தடவையில் எழுந்து அமைதியாக ஓடியது. இரண்டாவது, விசைப்பலகையில் நம்லாக் அழுத்தினால் அதன் விளக்கு எரிந்து அணைந்தது. ரேமிலேயே தடுக்கி நிற்கும் போர்டு விசைப்பலகைக்குப் பதில் சொல்லும் கட்டம் வரை வராது. இரண்டையும் கண்ணால் பார்த்தேன், ஒரு தாளில்கூடக் குறிக்கவில்லை.

விளக்கைப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு பார்த்தேன். அந்த 24 பின் கேபிள் மேல் அழகுக்காகப் பின்னல் போட்ட தடித்த நீட்டிப்புக் கேபிள் வேறு மாட்டியிருந்தேன். அதன் இடுக்கில் ஏதோ ஒரு விளக்கு எரிவது தெரிந்தது. நெற்றி வெளிச்சம் நேரே விழுந்ததில் நிறம் வெளுத்துவிட்டது. நேற்று மஞ்சள், இன்றும் மஞ்சள்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் சனி மாலை முழுவதும் ரேமோடு மல்லுக்கட்டு. ஒரு ரேம் குச்சியை மட்டும் ஏ2 இடத்தில், அதாவது பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது இடத்தில் போட்டேன். கறுப்பு. மற்ற குச்சியைப் போட்டேன். கறுப்பு. நான்கு இடத்திலும் இரண்டு குச்சியையும் மாற்றி மாற்றி எட்டு விதமாகப் பார்த்தேன். நம் ஊர் ஈரக்காற்றுக்குப் பொன் முலாம் பூசிய முனைகளிலும் மெல்லிய படலம் படியும். வெள்ளை அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தேன். அழிப்பான் 1 வெள்ளி 20 காசு, ஆல்கஹால் 9 வெள்ளி. துணியில் கொஞ்சம் கறுப்பு வந்தது. திரை வரவில்லை. ஹெச்டிஎம்ஐ கேபிளை போர்டின் பின்பக்கத் துளையிலும் சொருகிப் பார்த்தேன். 5600எக்ஸ் பிராசஸருக்குள் கிராஃபிக்ஸ் கிடையாது, அந்தத் துளை வேலை செய்யவே முடியாது. களைப்பில் தெரிந்ததும் மறந்துபோகிறது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு குச்சியையும் அவை வந்த பிளாஸ்டிக் கூட்டிலேயே வைத்து எடுத்துக்கொண்டு கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசா போனேன். செந்தூலில் எல்ஆர்டி ரயில் ஏறி, ஹாங் துவாவில் மோனோரெயில் மாறி, இம்பியில் இறங்கினால் நடக்கும் தூரம். மேல் மாடியில் பழுது பார்க்கும் ஒரு சின்னக் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் தம் சோதனைக் கணினியில் ஒவ்வொரு குச்சியாகப் போட்டு அரை மணி நேரம் மெம்டெஸ்ட் ஓட்டினார். 20 வெள்ளி. "ரேம் ரெண்டும் ஓகே பாஸ். போர்டு போயிருக்கும்," என்றார். போர்டை அவர் பார்க்கவில்லை, நான் சொன்னதை வைத்துச் சொன்ன யூகம் அது. நான் சொன்னது, மஞ்சள் விளக்கு எரிகிறது என்று. தவறான தகவலைக் கொடுத்தால் யாருக்கும் தவறான விடைதான் வரும்.

கீழ் மாடியில் அதே மாதிரி பி550 போர்டு 489 வெள்ளி. கையில் எடுத்துப் பார்த்துவிட்டேன். அட்டையை நீட்டுவதற்கு முன் மனைவிக்குப் போன் போட்டேன். "இன்னும் எதெல்லாம் பாக்கலீங்க?" என்று கேட்டாள். பிராசஸரைக் கழற்றிப் பார்க்கவில்லை, பயாஸைப் புதிதாக ஏற்றவில்லை என்றேன். "அதையும் பாத்துட்டு வாங்குங்க, கடை எங்கயும் ஓடிடாது," என்றாள். போர்டைத் திருப்பி வைத்துவிட்டு, பிராசஸருக்கும் அதைக் குளிர்விக்கும் கூலருக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட் மட்டும் 22 வெள்ளிக்கு வாங்கிக்கொண்டு, கீழே ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வீடு திரும்பினேன்.

திங்கள் இரவு செய்த வேலைதான் இருப்பதிலேயே ஆபத்தானது. கூலரின் நான்கு ஸ்குரூவையும் கழற்றி நேராக மேலே இழுத்தேன். இரண்டு வருடம் காய்ந்த பேஸ்ட் கூலரையும் பிராசஸரையும் பசை போல ஒட்டியிருந்தது. சாக்கெட்டின் நெம்புகோல் பூட்டியபடியே இருக்க, பிராசஸர் கூலரோடு பிய்ந்து வந்துவிட்டது. என்னுடைய ஏஎம்4 சாக்கெட் வகையில் பின்கள் பிராசஸரின் அடியில் இருக்கும், மொத்தம் 1331. மேசை விளக்கின் கீழ் சாய்த்துப் பிடித்து வரிசை வரிசையாகப் பார்த்தேன். ஓரத்தில் இரண்டு பின் சாய்ந்திருந்தன. வயிறு கலங்கிவிட்டது.

உள்ளே எழுதும் குச்சி இல்லாத 0.5 மில்லிமீட்டர் மெக்கானிக்கல் பென்சில் இதற்குச் சரியான கருவி. அதன் உலோக மூக்கைப் பின்னின் மேல் கவிழ்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு மயிரிழை அளவு நிமிர்த்துவது. உடனே எடுத்துப் பக்கத்துப் பின்னோடு ஒப்பிடுவது. மறுபடி ஒரு மயிரிழை. இரண்டு பின்னுக்கும் நாற்பது நிமிடம் ஆனது. கடைசியில் ஒரு வங்கி அட்டையின் ஓரத்தை வரிசைகளுக்கு நடுவே விட்டு எங்கும் தட்டாமல் போகிறதா என்று பார்த்தேன். சாக்கெட்டில் வைத்ததும் அழுத்தாமலே தானாக விழுந்து உட்கார்ந்தது. அப்போதுதான் மூச்சு வந்தது. செய்திருக்க வேண்டியது எளிது. கணினி ஓடிக்கொண்டுதான் இருந்தது, பத்து நிமிடம் சூடாக விட்டு, அணைத்து, கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகி, பேஸ்ட் விட்டுக்கொடுத்த பிறகு தூக்கியிருக்க வேண்டும். இந்த ஒரு படியில் நான் பிராசஸரையே இழந்திருப்பேன், அதுவும் அவசியமே இல்லாத படி.

அதே இரவு பயாஸ் ஏற்றம். பின்பக்கம் இதற்கென்றே ஒரு யுஎஸ்பி துளையும் பட்டனும் உண்டு. ரேம், பிராசஸர் எதுவும் இல்லாமலே ஏற்றலாம். மனைவியின் மடிக்கணினியில் கோப்பைப் பதிவிறக்கி, கையேட்டில் சொன்ன பெயருக்கு மாற்றி, 64 ஜிபி பென் டிரைவில் போட்டு அழுத்தினேன். விளக்கு நான்கைந்து தடவை சிமிட்டிவிட்டு நின்றது. அந்த டிரைவ் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் இருந்தது, போர்டு எதிர்பார்ப்பது ஃபேட்32. பழைய 8 ஜிபி டிரைவ் ஒன்றைத் தேடி எடுத்து ஃபேட்32 ஆக்கியதும் ஏற்கத் தொடங்கியது. ஆறு நிமிடம் சிமிட்டி, தானாக நின்றது. பட்டனை அழுத்தினேன். மின்விசிறி சுற்றியது, திரை கறுப்பு. மணி இரண்டு. போர்டு போய்விட்டது என்றே நம்பிப் படுத்தேன்.

செவ்வாய் மாலை டியூஷன் முடித்துவிட்டு அக்கா மகன் வந்தான். இந்த வருடம் எஸ்பிஎம் தேர்வு எழுதுகிறான், கணினி என்றால் சாப்பாடு வேண்டாம். புதிய போர்டு வாங்கப் போகிறேன் என்றதும், "ஒரு தடவை போடுங்க மாமா, நான் பாக்கறேன்," என்றான். நெற்றி டார்ச்சைக் கழற்றி மேசையில் வைத்திருந்தேன். அறை விளக்கையும் அவன் அணைத்துவிட்டான், எதற்கென்றால் கைப்பேசியில் வீடியோ எடுக்க. பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து, அந்தப் பின்னல் கேபிளை ஒரு விரலால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, "போடுங்க" என்றான்.

"சிவப்பு... போச்சு. மஞ்சள்... போச்சு. வெள்ளை. மாமா, வெள்ளையிலதான் நிக்குது."

மஞ்சள்தானே என்றேன். "இல்ல மாமா, நீங்களே பாருங்க." எடுத்த வீடியோவை மெதுவாக ஓட்டிக் காட்டினான். சிவப்பு ஒரு நொடி, மஞ்சள் பத்து நொடிக்கு மேல், அப்புறம் வெள்ளை, அது அணையவில்லை. ரேம் தேறிவிட்டது. போர்டு இப்போது கிராஃபிக்ஸ் கார்டைத் தேடிக்கொண்டு நிற்கிறது.

ரேமை வேகப்படுத்தினால் கார்டு எப்படிப் போகும் என்று இருவரும் யோசித்தோம். கார்டின் மின் கேபிளைக் கழற்றி மாட்டினோம், வேறு ஹெச்டிஎம்ஐ கேபிள் போட்டோம். பிறகு அவன்தான் ரைசரைக் காட்டி, இதை எடுத்துவிட்டு நேராகச் சொருகலாமா என்றான். ஸ்டாண்டின் ஆறு ஸ்குரூவைக் கழற்றி, கார்டை நேரடியாக போர்டின் மேல் துளையில் சொருகி, பட்டனை அழுத்தினோம். இருபது நொடியில் அந்த இரண்டு வரி.

அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. நான் வாங்கிய ரைசர், போர்டும் கார்டும் பேசிக்கொள்ளும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பின் 3.0 தரத்துக்கானது. பி550 போர்டும் 5600எக்ஸும் ஆர்எக்ஸ் 6600உம் மூன்றுமே 4.0 பேசுபவை. தானியங்கி நிலையில் விட்டால் போர்டும் கார்டும் 4.0 வேகத்தில் பேச முயலும். நடுவில் இருக்கும் கேபிள் அந்த வேகத்தின் சமிக்ஞையைச் சிதையாமல் கொண்டுபோகாது. இரண்டு வருடம் முன்பு பூட்டியபோது, கேபிள் பெட்டிக்குள் இருந்த துண்டுச் சீட்டைப் படித்து, முதலில் கார்டை நேராகச் சொருகி, பயாஸில் அந்தத் துளையை ஜென்3, அதாவது 3.0, என்று நானே மாற்றிவிட்டு, பிறகுதான் ரைசருக்கு மாறினேன். சனிக்கிழமை சிமாஸை அழித்தபோது ரேம் அமைப்போடு அந்த ஜென்3 அமைப்பும் அழிந்து, தானியங்கிக்குத் திரும்பியது.

சனிக்கிழமை காலையிலேயே ரேம் கோளாறு தீர்ந்துவிட்டது. தீர்த்த அதே செயலே அடுத்த கோளாறைக் கொண்டுவந்தது. இரண்டுக்கும் ஒரே முகம், கறுப்புத் திரை. திங்கள் இரவு பயாஸைப் புதிதாக ஏற்றியதும் மறுபடி அதே அமைப்புகளை அழித்ததுதான்.

யூகம்தானே என்று விட்டுவிட மனமில்லை. புதன் மாலை சோதித்தோம். கார்டு நேராக இருக்கும்போது ஜென்3 வைத்துச் சேமித்து, ரைசருக்கு மாற்றினோம்: திரை வந்தது. ரைசரில் இருக்கும்போதே அமைப்பைத் தானியங்கிக்கு மாற்றிச் சேமித்தோம்: கறுப்பு, வெள்ளை விளக்கு. மறுபடி நேராகச் சொருகினோம்: வந்தது. இரண்டு சுற்று செய்தோம், இரண்டிலும் அப்படியே. வியாழன் இரவு கல்யாண வீடியோவை 3200 வேகத்திலேயே முடித்து அனுப்பினேன்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை ரேமுக்குத் திரும்பினேன். இந்தத் தடவை ரைசரைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். ரேமை 3200இலேயே விட்டு எஃப்கிளாக்கை மட்டும் 1900 ஆக்கினேன். மூன்று தடவை அணைந்து எழுந்து, மஞ்சளில் நின்றது. பிளக்கைக் கழற்றி, ஜம்பரைப் பத்து நொடி பிடித்ததும் ஒரே நிமிடத்தில் மீண்டது. அடுத்து எஃப்கிளாக்கை 1800இல் நிறுத்தி ரேமை மட்டும் 3800 ஆக்கினேன், 1.42 வோல்ட்டில். எழுந்தது, ஒரு மணி நேரச் சோதனையும் தேறியது. ஆக, ரேம் குச்சிகள்மேல் பழியே இல்லை. என் பிராசஸரின் உள் பாதைதான் 1900ஐ ஏற்கவில்லை. இது சில்லுக்குச் சில்லு மாறும், ஒரே மாடலில் ஒன்று 1900 ஓடும், இன்னொன்று ஓடாது. இரண்டும் ஒத்து ஓடாதபோது தாமதம் 75 நானோ செகண்டுக்குப் போய்விட்டது, பழைய 3200ஐவிட மோசம். எஃப்கிளாக் 1867, ரேம் 3733 வைத்தும் பார்த்தேன். விண்டோஸ் வரை போனது. ஆனால் நிகழ்வுப் பதிவேட்டில் வன்பொருள் பிழை எச்சரிக்கை எண் 19 வரிசையாக விழுந்துகொண்டே இருந்தது. திரை வந்துவிட்டது, விளையாட்டும் ஓடுகிறது என்று அதை விட்டுவிடக் கூடாது.

கடைசியில் முதல் நாள் ஒரு மணி நேரம் நன்றாக ஓடிய அதே 3600, 16-19-19-39, 1.38 வோல்ட், எஃப்கிளாக் 1800க்கே வந்து சேர்ந்தேன். இரவு முழுக்க மெம்டெஸ்ட்86 நான்கு சுற்று, பிழை பூஜ்யம். கல்யாண வீடியோவின் ஒரு பகுதியை மறுபடி ஏற்றுமதி செய்து பார்த்ததில் 14 நிமிடம் 10 விநாடி ஆனது. 3200இல் 14 நிமிடம் 35 விநாடி. அந்த 25 விநாடிக்காகத்தான் இத்தனையும்.

செலவுக் கணக்கு: பேட்டரி 4 வெள்ளி 50 காசு, ஆல்கஹால் 9, அழிப்பான் 1 வெள்ளி 20 காசு, கடைச் சோதனை 20, பேஸ்ட் 22. அப்புறம் புடுவில் ஜாலான் பாசார் பக்கம் போனபோது போர்டில் மாட்டும் குட்டி பஸ்ஸர் ஒன்று 3 வெள்ளிக்கு வாங்கினேன். ஆக 59 வெள்ளி 70 காசு, ரயில் கட்டணம் தனி. இதில் உண்மையில் தேவைப்பட்டது பேட்டரியும் பஸ்ஸரும் மட்டுமே. பஸ்ஸர் முதல் நாளே இருந்திருந்தால் காதாலேயே தெரிந்திருக்கும். வெள்ளை விளக்கில் நிற்கும்போது ஒரு நீண்ட ஒலி, பின் குட்டி ஒலிகள் என்று என் போர்டு சொல்கிறது. மாட்டிக் கேட்டேன். ஒலிகளின் கணக்கு போர்டுக்குப் போர்டு மாறும், உங்கள் கையேட்டின் பட்டியலைத்தான் நம்ப வேண்டும்.

இனி பயாஸில் எதைத் தொடுவதற்கு முன்பும் எல்லாப் பக்கங்களையும் பென் டிரைவில் படமாக எடுத்துக்கொள்வேன். என் போர்டில் எஃப்12 அழுத்தினால் போதும். சிமாஸை அழித்த பிறகு அந்தப் படங்களைப் பக்கம் பக்கமாக ஒப்பிடுவேன். திரை வராவிட்டால் முதலில் ரைசர், கூடுதல் டிரைவ், நீட்டிப்புக் கேபிள் என்று பின்னால் சேர்த்ததையெல்லாம் கழற்றுவேன், பிராசஸரைக் கடைசியில்தான் தொடுவேன். ஒவ்வொரு தடவை பட்டனை அழுத்தும்போதும் அறை விளக்கை அணைத்து, எந்த நிறம் எத்தனை நொடி எரிந்தது என்று நோட்டில் எழுதுவேன். அழகுக்குப் போட்ட பின்னல் கேபிளை எடுத்தாயிற்று, நான்கு விளக்கும் இப்போது உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிகின்றன.

4.0 தர ரைசர் ஒன்று வாங்கலாம், 150 வெள்ளிக்கு மேல் சொல்கிறார்கள். இந்தக் கார்டு 3.0இல் ஓடினாலும் நான் செய்யும் வேலையில் வித்தியாசம் தெரியவில்லை, அதனால் இப்போதைக்குப் பழையதே இருக்கட்டும். ஆனால் பெட்டியின் உள்பக்கத் தகட்டில், பேட்டரியை எடுக்கக் கை போகும் இடத்தில், ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறது. அக்கா மகன் எழுதியது: "சிமாஸ் அழித்தால் கார்டை நேராகச் சொருகு. ஜென்3 வை. பிறகு ரைசர்."